டிவி படத்தின் ஓரத்தை வெட்டியது யார்?

எங்கள் வீட்டு எல்சிடி டிவியில் ஒருநாள் கம்ப்யூட்டரை மாட்டினேன். படம் வந்தது. ஆனால் கீழே இருக்க வேண்டிய டாஸ்க்பாரைக் காணோம்! மேலே மூடும் பொத்தானும் பாதிதான் தெரிந்தது. "பேனல் போச்சு, மெக்கானிக்கைக் கூப்பிடு" என்றார் அப்பா. கூப்பிடுவதற்கு முன் கொஞ்சம் தேடிப் படித்தேன். டிவி கெடவில்லை நண்பர்களே, வேண்டுமென்றேதான் வெட்டுகிறது! இதற்குப் பெயர் ஓவர்ஸ்கேன்.

கதை பிக்சர் டியூப் காலத்தில் தொடங்குகிறது. டியூபுக்குள் எலக்ட்ரான் கற்றை வரிவரியாக ஓடிப் படத்தை வரையும். மின்னழுத்தம் குறைந்தாலோ, உள்ளிருக்கும் பாகங்கள் சூடானாலோ, பழசானாலோ படம் சுருங்கும், நகரும். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் படத்தைச் சுற்றிக் கறுப்புப் பட்டை விழுந்த கதையை வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். டிவிக்குப் பக்கத்தில் ஸ்டெபிலைசர் உட்கார்ந்திருந்ததும் இந்த வோல்டேஜ் தொல்லையால்தான். ஆகவே, தயாரிப்பாளர்கள் படத்தைத் திரையைவிடச் சற்றுப் பெரிதாகவே வரைய வைத்தார்கள். ஓரம் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

படம் எடுப்பவர்களும் இதற்குப் பழகிவிட்டார்கள். முக்கியமான காட்சி நடுவிலுள்ள 90 சதவீதத்துக்குள், எழுத்துகள் 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. விஎச்எஸ் கேசட்டில் படத்தின் அடியில் வரும் கிழிசல் கோடுகளும் இந்த மறைவில் தப்பித்தன.

தட்டைத் திரை வந்ததும் காரணம் போய்விட்டது. 1920 x 1080 புள்ளிகளும் அதனதன் இடத்தில் அசையாமல் இருக்கின்றன. ஆனால் பழைய ஒளிபரப்புகளின் அழுக்கு ஓரத்தை மறைக்க, வெட்டும் பழக்கம் மட்டும் தொடர்ந்தது. 2009-ல் அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கம் அந்த அளவுகளை 93, 90 என்று தளர்த்தியது. அப்போதும் விதியை அடியோடு நீக்கவில்லை!

சினிமா பார்க்கும்போது இது தெரியாது. கம்ப்யூட்டரை மாட்டினால்தான் வலிக்கும். உயரத்தில் 5 சதவீதம் போனால் 54 வரிகள் காலி. மேலே 27, கீழே 27. மிச்சத்தை இழுத்துப் பெரிதாக்குவதால் எழுத்தும் மங்கும்.

தீர்வு? ரிமோட்டில் பிக்சர் மெனுவுக்குள், படத்தின் அளவை மாற்றும் இடத்துக்குப் போங்கள். ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட், டாட் பை டாட், ஃபுல் பிக்சல் என்று கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். வேலை ஒன்றுதான். சில டிவிகளில் அந்த எச்டிஎம்ஐ இணைப்புக்கு 'பிசி' என்று பெயர் மாற்றினாலே போதும்.

எங்கள் வீட்டில் டாஸ்க்பார் திரும்பி வந்துவிட்டது, மெக்கானிக் செலவும் மிச்சம். "ஏதோ பட்டனை அமுக்கிட்டான்" என்றுதான் அப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்!