தன்னலம்

ஒருவர் தம் நன்மையை முன்னிட்டுச் செயல்படுவது தன்னலம். இது வெறும் குணக்கேடா, சமூகத்தை இயக்கும் விசையா என்ற விவாதம் 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சூடுபிடித்தது. உயிரச்சத்தாலும் தற்காப்பு நாட்டத்தாலுமே மனிதர்கள் அரசுக்குக் கட்டுப்படுகிறார்கள் என்று தாமஸ் ஹாப்ஸ் ‘லெவியதான்’ (1651) நூலில் வாதிட்டார். லண்டனில் குடியேறிய டச்சு மருத்துவர் பெர்னார்ட் மாண்டவில் இன்னும் துணிந்தார். ஆடம்பரமும் பேராசையும்தான் பலருக்கு வேலை தருகின்றன என்றது அவருடைய ‘தேனீக்களின் கதை’ (1714). 1723இல் மிடில்செக்ஸ் பெருநடுவர் குழு அந்நூலைப் பொதுக்கேடு என்று குற்றம்சாட்டியது.

இந்த வரலாற்றில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டவர் ஆடம் ஸ்மித். கசாப்புக்காரரும் ரொட்டிக்காரரும் தத்தம் லாபத்தைக் கருதியே நமக்கு உணவு தருகிறார்கள் என்று ‘நாடுகளின் செல்வம்’ (1776) நூலில் எழுதியதை மட்டும் பலர் நினைவில் வைத்துள்ளனர். ஆனால் பிறர் துயரில் பங்குகொள்ளும் இயல்பை விளக்கி 1759இலேயே அவர் தனி நூல் எழுதியிருந்தார். ஒரே தொழில் செய்யும் வணிகர்கள் கூடினால் விலையேற்றச் சதியில் முடியும் என்றும் எச்சரித்தார். 1772இல் கண்மூடித்தனமாகக் கடன் கொடுத்த ஸ்காட்லாந்தின் ஏர் வங்கி நொடித்தது; ஸ்மித்தின் முன்னாள் மாணவரான பக்லூ பிரபு அதன் பங்குதாரர்களில் ஒருவர். வங்கிகளுக்குச் சட்டக் கட்டுப்பாடு தேவை என்ற ஸ்மித், அடுத்தடுத்த வீடுகளுக்கிடையே தீ பரவாமல் தடுப்புச் சுவர் கட்டச் சொல்லும் விதியோடு அதை ஒப்பிட்டார்.

பின்வந்தவர்கள் இந்தச் சுவரை மறந்தார்கள். தன்னலமே பொருளியலின் முதல் கோட்பாடு என்று பொருளியலாளர் எட்ஜ்வொர்த் 1881இல் எழுதினார். இப்படிக் கணக்குப் போட மட்டுமே தெரிந்த மனிதனைச் சமூகத்தில் மூடன் என்றே சொல்ல வேண்டும் என 1977இல் அமர்த்தியா சென் மறுத்தார். கடன் நிறுவனங்களின் தன்னலமே அவற்றின் பங்குதாரர்களைக் காக்கும் என்று நம்பியிருந்த அமெரிக்க மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான், நிதி நெருக்கடி வெடித்த 2008 அக்டோபரில் நாடாளுமன்றக் குழுமுன் அந்த நம்பிக்கையில் பிழை கண்டதாக ஒப்புக்கொண்டார்.

தன்னலத்தால் பொது மேய்ச்சல் நிலத்தில் ஆளாளுக்கு ஒரு மாட்டைக் கூடுதலாக விட்டு நிலத்தையே அழித்துவிடுவார்கள் என்று சூழலியலாளர் காரெட் ஹார்டின் 1968இல் வாதிட்டிருந்தார். 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் காட்டிய சான்றுகள் இதற்கு வலுவான பதில். சுவிட்சர்லாந்தின் டோர்பெல் என்ற மலைக்கிராமத்தில் 1517 முதலே ஒரு விதி உண்டு: குளிர்காலம் முழுவதும் தன் தீவனத்தில் எத்தனை மாடுகளை வளர்க்க முடியுமோ, அத்தனையை மட்டுமே கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம். மீறியவருக்கு அபராதம். அதில் பாதி, பிடித்த ஊர் அதிகாரிக்கே சேரும்.