தமிழ்நாட்டுக் காற்றாலை வளர்ச்சியும் நிலத் திட்டமிடலும்: கொல்லிமலையை ஒப்புநோக்கிய வரலாற்றாய்வு (1986–2024)

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டில் காற்றாலைகள் எங்கே, எவ்வளவு நெருக்கமாக, எவர் நிலத்தில் எழுந்தன என்பதைத் தீர்மானித்ததில் நிலப் பயன்பாட்டுச் சட்டங்களைவிட வரிச்சலுகைக்கும் மின்வாரிய விதிகளுக்கும் பெரும்பங்கு உண்டு. அவ்வளர்ச்சி விரைவானது, ஆயின் நிலம் குறித்த வினாக்கள் ஒத்திவைக்கப்பட்டன. பழைய காற்றாலைகளை மாற்றும் இக்காலத்தில் அவை மீண்டும் எழுந்துள்ளமையை, நிலக்கட்டுப்பாடு முன்னரே நிலவிய கொல்லிமலையோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காற்றாலை, நிலத் திட்டமிடல், கொல்லிமலை, ஆரல்வாய்மொழி, விரைவுத் தேய்மானம், மறுநிறுவல்.

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் வரை உயரமுடையது. உயர்ந்த இடத்தில் காற்று மிகும் என்பது பொதுவான எண்ணம். எனினும் தமிழ்நாட்டின் பெருங்காற்றாலைத் தொகுதிகள் இத்தகைய மலைகளின்மேல் அமையவில்லை. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் ஆகிய கணவாய்களை அடுத்த நிலப்பரப்புகளிலேயே அமைந்தன. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகளில் குவிந்து விரைவு பெறுவதே இதற்கு முதற்காரணம். கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்த கொல்லிமலை அக்கணவாய்களின் வாயிலில் இல்லை. இடத்தை இயற்கை சுட்டியது; அவ்விடத்து நிலம் எவ்விதிகளின்கீழ்ப் பயன்பாடு மாறியது என்பது கொள்கை வரலாற்றின் பாற்பட்டது.

அரசின் முன்மாதிரிக் காலம்

காற்றின் அளவீடே இவ்வரலாற்றின் முதற்படி. வானிலை அறிவியலாளர் அன்னா மாணி காற்று வளம் பற்றிய நாடளாவிய தரவுகளைத் தொகுத்து 1983-இல் நூலாக வெளியிட்டார். தொடர்ந்து 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் 55 கிலோவாட் திறனுடைய எந்திரங்களைக் கொண்டு முன்மாதிரிக் காற்றாலைத் தொகுதி நிறுவப்பட்டது. பின்னர் டென்மார்க் அரசின் உதவியோடு கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் தொகுதிகள் எழுந்தன. தமிழ்நாடு மின்சார வாரியம் நிறுவிய முன்மாதிரி எந்திரங்கள் 120. அவற்றின் மொத்தத் திறன் 19.355 மெகாவாட். இடத்தைத் தேர்ந்ததும், நிறுவியதும், மின்சாரத்தைப் பெற்றதும் அரசு அமைப்புகளே ஆதலின் தனி நிலத்திட்டத்தின் தேவை அன்று உணரப்படவில்லை.

வரியும் கட்டணமும் திட்டமிடலாதல்

1990-களில் தனியார் முதலீடு பெருகியது. எந்திரத்தின் விலை முழுவதையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள இடமளித்த வருமானவரிச் சலுகை இதன் முதன்மையான உந்துவிசை. உற்பத்தியான மின்சாரத்தை வாரியத்தின் கம்பிவழியே தம் ஆலைக்குக் கொண்டுசெல்லுதல், காற்று மிகும் மாதங்களில் உபரியை வாரியக் கணக்கில் வைத்துப் பின்னர்ப் பெறுதல் ஆகிய ஏற்பாடுகள் கொங்குநாட்டு நூற்பாலை உரிமையாளர்களை ஈர்த்தன. இவ்வாறு உடுமலை, பல்லடம் வட்டாரங்களிலும் தென்மாவட்டங்களிலும் காற்றாலைகள் பரவின.

சலுகை உற்பத்திக்கன்றி முதலீட்டுக்கு வழங்கப்பட்டமையால் தரமற்ற எந்திரங்களும் பொருந்தாத இடத்தேர்வுகளும் நேர்ந்தன. மைய அரசு 1995 ஜூலையில் 'ஒழுங்கான வளர்ச்சி'க்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, 1996 ஜூனில் திருத்தியது. அதே 1996-இல் அறிமுகமான குறைந்தபட்ச மாற்றுவரி சலுகையின் பயனைக் குறைக்கவே, முதலீடும் தளர்ந்தது. 2012-இல் விரைவுத் தேய்மானம் விலக்கப்பட்டதும், 2014-இல் அது மீட்கப்பட்டதும் இவ்வுறவை மீண்டும் உறுதிப்படுத்தின. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்துக்குப்பின் கட்டண நிர்ணயம் ஒழுங்குமுறை ஆணையத்தின் பணியாயிற்று. 2006-ஆம் ஆண்டு ஆணை புதிய காற்றாலைகளுக்கு யூனிட்டுக்கு 2.90 ரூபாய் எனக் கட்டணம் வகுத்தது. 2017-இல் ஏலமுறை வந்தது. 2023-இல் மாநிலத்தின் காற்றாலை நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைக் கடந்தது.

இக்காலம் நெடுகிலும் சீர்திருத்தம் என்பது வரி, கட்டணம், மின்கட்டமைப்பு ஆகியவற்றையே பெரிதும் குறித்தது. 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் காற்றாலை இடம்பெறவில்லை. குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் தொலைவு வேண்டும் என்னும் நெறி 2016-இல் வெளியான தேசிய வழிகாட்டுதலில் காணப்படுகிறது. முன்மாதிரித் தொகுதி எழுந்து அதற்குள் முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

கொல்லிமலை: நிலக்கட்டுப்பாடு முந்திய பகுதி

கொல்லிமலையின் நிலை வேறு. மலையாளிப் பழங்குடியினர் வாழும் இம்மலையின் காடுகள் 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. 1990-இல் அமைக்கப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் மலைச்சிற்றூர்கள் கொண்டுவரப்பட்டன. எனவே இங்கு எத்திட்டமாயினும், மின்சாரத்தின் விலைக்கு முன் நிலத்தின் பயன்பாடு பற்றிய வினாவை எதிர்கொள்ள வேண்டும். இம்மலையில் மின்துறை மேற்கொண்ட பெருந்திட்டமும் காற்றைச் சார்ந்ததன்று. ஓடைநீரைத் திருப்பும் 20 மெகாவாட் புனல்மின் திட்டமே அது.

இக்கட்டுப்பாட்டை முழுமையான காப்பாகக் கருதுதல் பொருந்தாது. இம்மலையில் பாக்சைட் சுரங்கங்கள் இயங்கியுள்ளன. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படாமையால், பழங்குடி நிலத்துக்கு அவ்வட்டவணை தரும் அரசமைப்புக் காப்பும் இங்கில்லை. எனினும், நிலப் பயன்பாட்டைக் கேள்விக்கு உட்படுத்தும் ஓர் அமைப்பு இங்குண்டு. கணவாயோரச் சமவெளிகளுக்குக் காற்றாலை வளர்ச்சியின் தொடக்கத்தில் அத்தகைய அமைப்பு வாய்க்கவில்லை.

மறுநிறுவலும் ஒத்திவைத்த வினாவும்

பழைய எந்திரத்தை அகற்றிப் பெரியதை நிறுவும் மறுநிறுவல் இவ்விடைவெளியை வெளிக்கொணர்கிறது. காற்றாலைகளுக்கிடையே சுழலியின் விட்டத்தைப்போல் ஒருபுறம் ஐந்து மடங்கும், மறுபுறம் ஏழு மடங்கும் இடைவெளி விடுதல் இந்தியாவில் நெடுங்காலம் பின்பற்றப்பட்ட அளவுகோல். அதன்படி 30 மீட்டர் விட்டமுள்ள எந்திரத்துக்கு ஏறத்தாழ 7.8 ஏக்கர் பரப்பு போதும். 120 மீட்டர் விட்டமுள்ளதற்கு ஏறத்தாழ 124.5 ஏக்கர் வேண்டும். விட்டம் நான்கு மடங்கானால் பரப்பு பதினாறு மடங்காகிறது. இப்பரப்பு முழுவதும் கட்டுமானத்துக்கு உரியதன்று; இடையில் வேளாண்மை நடக்கலாம். ஆயின் அதனுள் பிற காற்றாலை உரிமையாளரின் மனைகளும், உழவரின் பட்டா நிலங்களும், மேய்ச்சல் புறம்போக்கும், ஓடைகளும் அடங்கும். சிறு மனைகளாகப் பிரிந்துபோன நிலத்தை இணைப்பதற்கு வரிச்சலுகை மட்டும் உதவாது.

தேசிய மறுநிறுவல் கொள்கை 2016-இல் வெளியாகி 2023-இல் திருத்தப்பட்டது. தமிழ்நாடு அரசின் கொள்கை 2024-இல் வெளியாயிற்று. அவை வெற்றி பெறுவது நில உரிமையாளரிடையே உடன்பாடு காண்பதைப் பொறுத்தது.

இங்கிலாந்தின் பட்டறிவு இதற்கு எதிர்த்திசையில் அமைந்தது. அங்கு 2015-இல் உள்ளூர்த் திட்டத்தில் இடம் குறிக்கப்படுதலும் உள்ளூர் மக்களின் ஆதரவும் கட்டாயமாயின. நிலக்காற்றாலை வளர்ச்சி பெரும்பாலும் நின்றது. 2024 ஜூலையில் அக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. மக்களின் இசைவு தடைக்கருவியாக மாறினால் நேர்வதை அது காட்டுகிறது. இசைவைக் கேட்கும் முறையே வகுக்கப்படாவிடில் நேர்வதைத் தமிழ்நாட்டு வரலாறு காட்டுகிறது.

முடிவுரை

தமிழ்நாட்டுக் காற்றாலை வளர்ச்சியில் நிதி விதிகள் நிலத்திட்டத்தின் இடத்தை நிரப்பின. அவ்வழியில் 10,000 மெகாவாட் எட்டப்பட்டது. அதே வழியில் நிலம் சிதறுண்டது. கொல்லிமலையின் கட்டுப்பாட்டுமுறையைச் சமவெளிக்கு அப்படியே பெயர்த்தல் இயலாது. ஆயினும் நிலப் பயன்பாட்டை முதலில் ஆராயும் அதன் நெறி மறுநிறுவலுக்குத் தேவையானது. கணவாய் வட்டாரங்களில் மனை இணைப்பு, பொதுநிலப் பாதுகாப்பு, ஊராட்சியின் கருத்தறிதல் ஆகியவற்றைக் கட்டண ஆணைக்கு முன்னரே வரையறுப்பது, முதற்கட்டத்தில் விடுபட்ட பணியை இரண்டாம் கட்டத்தில் நிறைவேற்றுவதாகும்.