செட்டிநாட்டுப் பழைய மரச்சாமான்கள்

காரைக்குடியிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் உள்ள நகரத்தார் வீடுகளில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940கள் வரை சேர்ந்த ஊஞ்சல், கட்டில், அலமாரி, பெட்டகம், கணக்குப்பெட்டி முதலியவை இப்பெயரால் குறிக்கப்படுகின்றன. வட்டித்தொழிலுக்குப் பர்மா சென்றவர்கள் அங்கிருந்து கப்பலேற்றிய தேக்கில் செய்தவை அதிகம். ஈட்டி மரச்சாமான்களும் உண்டு. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்தத் தேக்கு வரத்து அறுந்தது. பின்னர் வீடுகள் பூட்டப்பட்டும் பாகம் பிரிக்கப்பட்டும் போக, உள்ளிருந்தவை விலைக்கு வந்தன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகள் இந்த வணிகத்துக்குப் பேர்போனவை.

வாங்குபவர் முகப்பை விட்டு முதுகையும் அடியையும் பார்க்க வேண்டும். இழுப்பறையை முழுதாக உருவி அடிப்பலகையைத் தடவினால், கையால் இழைத்த மரத்தில் மெல்லிய மேடுபள்ளம் தட்டுப்படும். மூலையில் கோத்த மூட்டின் பற்கள் ஒரே அளவாக இரா. மரம் நாரின் குறுக்கே மட்டும் கூடுதலாகச் சுருங்குவதால், பழைய வட்டமேசையை இரு திசையில் அளந்தால் விட்டம் சற்று வேறுபடக்கூடும். சந்தையில் போலியைவிடக் குழப்புவது, இடித்த வீட்டின் உத்தரத்தையும் கதவையும் அறுத்துச் செய்த மேசை. மரத்துக்கு நூறு வயது, மேசைக்கு ஒரு வயது. நல்ல மேசையாகவே இருக்கலாம். பழம்பொருள் விலை கொடுக்கத்தான் நியாயமில்லை. காரணமில்லாத இடத்தில் அடைத்த துளையும் கீல் பதிந்த தடமும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

தேக்கின் வைரத்தைப் பூச்சி எளிதில் தொடாது, வெளிறைத் தின்னும். துளைக்கடியில் மாவுபோன்ற தூள் புதிதாக உதிர்ந்திருந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று கொள்ளலாம்.

சீரமைப்பில் பெருங்கேடு செய்வது உப்புத்தாள். பல பத்தாண்டு கைபட்டு, காற்றுபட்டு ஏறிய நிறம் மேல்தோலில்தான் இருக்கிறது. அதைத் தேய்த்தெடுத்தால் எந்தப் பாலிஷும் திருப்பித் தராது. பழைய பூச்சு பெரும்பாலும் அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசிய ஸ்பிரிட் பாலிஷ். மறைவான இடத்தில் ஒரு துளி ஸ்பிரிட் வைத்தால் அது இளகும். இளகினால் முழுதும் சுரண்டத் தேவையில்லை. அழுக்கை நீக்கி, மேலேயே மெல்லிய பூச்சுகள் ஏற்றலாம். மூட்டுகளுக்குப் பழைய ஆசாரிகள் காய்ச்சி ஒட்டிய வஜ்ஜிரப் பசையே இன்றும் ஏற்றது. வெந்நீரும் சூடும் பட்டால் விட்டுக்கொடுக்கும் என்பதால், அடுத்து வருபவர் மரத்தை உடைக்காமல் பிரிக்கலாம். எப்பாக்ஸி பசையில் அந்த வசதி இல்லை. அலமாரிக் கதவின் நடுப்பலகை சட்டத்தின் காடியில் பசையின்றி நிற்பது, ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்கத்தான். ஆடுகிறதே என்று அதை ஒட்டிவிட்டால் அடுத்த கோடையில் பலகை பிளக்கும்.

ஏசி அறையின் வறண்ட காற்றும் இதே பிளவை உண்டாக்கும். குளிர்காற்று நேரே படும் இடமும் வெயில் விழும் சன்னலோரமும் ஆகா. உலர்ந்த துணியால் துடைத்து, ஆண்டுக்கு ஓரிரு முறை தேன்மெழுகு பூசினால் போதும். ஈரம் ஏறும் தரையாயின் கால்களுக்கடியில் கட்டை கொடுப்பது நல்லது.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி நூறாண்டு கடந்த பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஈட்டி மரச்சாமானுக்கு 2017 முதல் அதன் பேரினம் முழுவதையும் சேர்த்துக்கொண்ட, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாடும் உண்டு.