பாய் தைத்த கூடத்தில் ஒரு தறி

பாய்மரக் கப்பல்கள் கடலாண்ட காலத்தில், நியூயார்க் மாநகரின் தென்கோடியில் கொயென்டீஸ் ஸ்லிப் என்னும் துறை சிறந்து விளங்கியது. கப்பல்கள் நுழைந்து சரக்கிறக்குவதற்கான நீர்க்குடைவு அது. 19-ஆம் நூற்றாண்டில் அது தூர்க்கப்பட்டுத் தெருவாயிற்று. காலப்போக்கில் அங்கே துறைமுகத் தொழிலும் நலிந்தது. பாய் தைப்போர் விட்டுச்சென்ற மாடிக்கூடங்கள் வெறுமையாய்க் கிடந்தன.

1950-களின் பிற்பகுதியில் அக்கூடங்களில் கலைஞர்கள் குடியேறினர். வாடகை குறைவு, வசதியோ அதனினும் குறைவு. வெந்நீர் வேண்டின் அருகிலிருந்த மாலுமியர் விடுதியை நாடவேண்டும். அங்கு வாழ்ந்தோருள் எல்ஸ்வொர்த் கெல்லி, ராபர்ட் இண்டியானா முதலிய ஆடவர் பெயர்களே பெரிதும் பேசப்பட்டன. ஆயினும் லெனோர் டானி, ஆக்னஸ் மார்ட்டின், கிரேக்க நாட்டினரான கிரிஸ்ஸா, ஆன் வில்சன் ஆகிய பெண்டிரை விலக்கி அவ்விடத்தின் வரலாற்றை எழுதுவது, பாவின்றி ஊடை மட்டும் கொண்டு துணி நெய்வதை ஒக்கும்.

டானி கணவரை இழந்தவர். 1957-இல், தம் ஐம்பதாம் வயதில், சிகாகோவை விட்டு வந்தார். அவர் கலை நெசவு. அன்றைய கலையுலகம் நெசவைக் கைத்தொழில் என்று ஒதுக்கிவைத்தது. பெண்ணின் கைவேலை என்ற இளக்காரமும் அதில் கலந்திருந்தது. டானி வாதாடவில்லை; தறியையே மாற்றினார். நூலிழைகளைப் பிரித்து நிறுத்தும் அச்சின் மேற்பகுதியைத் திறந்துவிட்டு, நெய்யும்போதே துணி விரியவும் குறுகவும் வழி கண்டார். பாய் தைத்த கூடத்தின் உயரமும் அவருக்குத் துணையாயிற்று. 1962-இல் அவர் நெய்த ‘கரிய நதி’ 13 அடிக்கும் மேல் நீண்டு தொங்குவது. சுவரைச் சாராது வெளியில் நிற்கும் சிற்பம் என்றே அதனைச் சொல்லவேண்டும்.

மார்ட்டினும் 1957-இல் அங்கு வந்தவரே. மரப்பலகையில் படகு ஆணிகளைப் பதித்துக் கலை படைத்தார். 1960-களின் தொடக்கத்தில் நெடுங்கோடும் குறுக்குக்கோடும் பின்னிய கட்ட ஓவியங்களுக்கு வந்து சேர்ந்தார். பாவும் ஊடையும் அக்கோடுகளில் தெரிகின்றன எனலாம். யார் யாரிடம் கற்றார் என்று வழக்காடுவதில் பயனில்லை. 1961-இல் ஸ்டேட்டன் தீவில் நடந்த டானியின் கண்காட்சிக்குக் கருத்துரை எழுதியவர் மார்ட்டின். மார்ட்டினின் ஓவியங்களை விலை கொடுத்து வாங்கியவர் டானி. விமரிசகர் வருமுன்னரே ஒருவர் கலையை மற்றவர் மதித்தனர்.

1960-களில் அலுவலகக் கட்டடங்களுக்காகப் பழைய கூடங்கள் பல இடிக்கப்பட்டன. 1967-இல் மார்ட்டின் நகரை விட்டே வெளியேறினார். நூறாண்டு வாழ்ந்த டானி 2007-இல் மறைந்தார். அவருடைய ‘கரிய நதி’ அதே நகரின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் சேர்ந்துள்ளது.