மரபுக் குறியீடு

தூது ஆர்.என்.ஏ.வில் அமைந்துள்ள காரங்களின் வரிசை எந்த விதிகளின்படி புரதத்தின் அமினோ அமில வரிசையாக மாற்றப்படுகிறதோ, அவ்விதிகளின் தொகுப்பு மரபுக் குறியீடு எனப்படும். அடினைன், குவானைன், சைட்டோசின், யுராசில் என்னும் நான்கு காரங்களால் இருபது அமினோ அமிலங்களைக் குறிக்க வேண்டியிருப்பதால், இரண்டிரண்டாகச் சேர்த்துக் கிடைக்கும் 16 சேர்க்கைகள் போதா. மும்மூன்றாகச் சேர்த்தால் 64 கிடைக்கும். இம்மூன்றெழுத்துத் தொகுதியே கோடான். 1961இல் கிரிக், பிரென்னர் முதலியோர் டி4 என்னும் பாக்டீரியத் தின்னி வைரஸை ஆராய்ந்து, ஒன்றோ இரண்டோ காரங்கள் கூடியதால் செயலிழந்த மரபணு, மூன்று கூடியபோது பெரும்பாலும் மீண்டும் செயல்படுவதைக் கண்டனர். குறியீடு மும்மூன்றாக, குறித்த ஓரிடத்திலிருந்து, இடையே நிறுத்தக்குறி ஏதுமின்றி வாசிக்கப்படுகிறது என்பதற்கு இந்த எளிய, அழகிய சோதனையே வலுவான சான்றாயிற்று.

அதே ஆண்டில் நைரன்பர்க்கும் மத்தேயும் யுராசில் மட்டுமே கொண்ட செயற்கை ஆர்.என்.ஏ.விலிருந்து பினைல்அலனின் சங்கிலியைப் பெற்று, முதல் கோடானின் பொருளை அறிந்தனர். பஞ்சாபில் பிறந்த ஹர் கோவிந்த் குரானா, காரங்கள் சீராகத் திரும்பத் திரும்ப வரும் ஆர்.என்.ஏ.க்களை உருவாக்கிப் பல கோடான்களை உறுதிசெய்தார். 1966க்குள் அட்டவணை முழுமை பெற்றது. அதில் 61 கோடான்கள் அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன. மூன்று புரத ஆக்கத்தை நிறுத்துகின்றன. ஏயுஜி என்பது மெத்தியோனினைக் குறிப்பதோடு தொடக்கக் குறியாகவும் விளங்குகிறது.

ஒரு கோடான் பொதுவாக ஒரே அமினோ அமிலத்தைக் குறித்தாலும், ஓர் அமினோ அமிலத்துக்குப் பல கோடான்கள் இருக்கலாம். லியூசின், செரின், ஆர்ஜினின் ஆகியவற்றுக்கு ஆறாறு உள்ளன. மெத்தியோனினுக்கும் டிரிப்டோபனுக்கும் ஒவ்வொன்றே. இம்மிகுதியை வீண் என்று கருதுவது தவறு. ஒரே பொருளுடைய கோடான்கள் பெரும்பாலும் மூன்றாம் எழுத்தில் மட்டுமே வேறுபடுவதால், அவ்விடத்தில் நேரும் பிறழ்வுகளில் பல புரதத்தை மாற்றுவதில்லை. குளூட்டாமிக் அமிலத்தைக் குறிக்கும் ஜிஏஜி, ஜிஏஏ ஆனாலும் பொருள் மாறுவதில்லை. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் குறித்த ஓரிடத்தில் நடு எழுத்து மாறி அது ஜியுஜி ஆகும்போதோ வேலின் இடம்பெற்று அரிவாளணு நோய்க்கு வழிவகுக்கிறது. நடுவில் யுராசில் உள்ள கோடான்கள் அனைத்தும் நீர்வெறுக்கும் அமினோ அமிலங்களையே குறிப்பதால், அவற்றுள் ஒன்று மற்றொன்றாக மாறினாலும் புரதத்தின் வடிவம் பெரிதும் சிதையாதிருக்க வாய்ப்புண்டு.

பாக்டீரியா முதல் மனிதர் வரை இக்குறியீடு ஏறத்தாழ ஒன்றே என்பதால்தான், மனித இன்சுலினை ஈ. கோலை பாக்டீரியத்தில் உருவாக்க இயலுகிறது. எனினும், நிறுத்தக்குறியான யுஜிஏ மனித மைட்டோகாண்டிரியாவில் டிரிப்டோபனைக் குறிப்பது 1979இல் தெரியவந்தது. குற்றிழை உயிரிகள் சிலவற்றில் யுஏஏ, யுஏஜி ஆகியவை குளூட்டமினைக் குறிக்கின்றன.