72 மணி நேரம்

எச்.ஐ.வி. கிருமி உடலில் நுழைந்திருக்கக்கூடும் என்றால், 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் உட்கொண்டு தொற்றைத் தடுக்கும் மருந்துகள் உண்டு. 'பெப்' என்பது சுருக்கப் பெயர். இதன் வரலாறு ஊசி குத்திய விரல் நுனியில் தொடங்குகிறது. 1996இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் மருத்துவப் பணியாளர்களுக்கு இதைப் பரிந்துரைத்தது. அவர்களுக்கு நேர்ந்ததன் பெயர் 'பணியிட விபத்து'. சொற்களைக் கிளறுவது என் தொழில் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். விபத்து என்றால் ஆளின் நடத்தையை யாரும் விசாரிப்பதில்லை. வன்புணர்வுக்கு ஆளான பெண்ணுக்கு அந்தச் சொல் கிடைக்கவில்லை.

தென்னாப்பிரிக்காவில் இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. 1999 ஏப்ரலில் ஜொகன்னஸ்பர்க் இதழாளர் சார்லீன் ஸ்மித் தன் வீட்டிலேயே வன்புணர்வுக்கு ஆளானார். மருந்தைப் பெறத் தான் பட்ட பாட்டைச் சொந்தப் பெயரிலேயே எழுதினார். பெயரை மறைத்துப் பழகிய நமக்கு அந்தக் கையொப்பமே பெரிய செயல். அதே ஆண்டு அக்டோபரில் அதிபர் தாபோ எம்பெக்கி, ஏ.இசட்.டி. மருந்து நச்சுத்தன்மை கொண்டது என்ற ஐயத்தை நாடாளுமன்ற மேலவையில் கிளப்பினார்.

நாட்டின் கிழக்கே நெல்ஸ்ப்ரூட் நகரில் 'கிரிப்' அமைப்பின் தன்னார்வலர்கள் அரசு மருத்துவமனைக்குள்ளேயே இருந்து, வன்முறைக்கு ஆளாகி வரும் பெண்களுக்கு ஆறுதலும் ஆலோசனையும் தடுப்பு மருந்தும் கொடுத்தார்கள். மாகாண சுகாதார அமைச்சர் சிபோங்கிலே மனானா அவர்களை வெளியேற்ற முனைந்தார். அவரும் பெண்தான், நம் கோட்பாட்டு வகுப்புகள் இதைத் தாண்டிப் போய்விடக் கூடாது. அவர்களுக்கு இடம்கொடுத்த ராப் ஃபெரெய்ரா மருத்துவமனைக் கண்காணிப்பாளர் தைஸ் வான் மொலெண்டார்ஃப் வேலைநீக்கம் செய்யப்பட்டார். 2002 ஏப்ரலில்தான், வன்புணர்வுக்கு ஆளானோருக்கு அரசு மருத்துவமனைகளில் மருந்து தர அமைச்சரவை முடிவெடுத்தது. ஸ்மித் எழுதி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. மருந்தின் கெடுவோ மூன்று நாள்.

இந்தியாவில் 2013இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்ந்த 357சி பிரிவு, அரசு, தனியார் என எல்லா மருத்துவமனைகளும் இப்பெண்களுக்கு உடனே இலவச சிகிச்சை தர வேண்டும் என்றது. 2014இல் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் அந்தச் சிகிச்சையில் இந்த மருந்தையும் சேர்த்தது. காவல்துறையில் புகார் கொடுத்திருந்தால்தான் சிகிச்சை என்று மறுக்கக் கூடாது என்றும் சொன்னது.

"ராத்திரி பதினொரு மணிக்கு எந்தக் கதவைத் தட்டுறது மேம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவசர சிகிச்சைப் பிரிவு. 'பெப்' என்று பெயர் சொல்லியே கேளுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.