கற்பிட்டிக் கரையின் மெழுகுதிரிகள்

தென்னையும் உப்பும் மீனும் சேர்ந்து மக்களுக்கு வாழ்வளித்துவரும் புத்தளம் மாவட்டக் கடற்கரையில், கற்பிட்டித் தீபகற்பத்தின் மேற்குப்புறத்தே தலவில் என்னும் சிற்றூரில் அமைந்த புனித அன்னம்மாள் ஆலயத்துக்கு, ஆண்டுதோறும் மார்ச் மாதத்திலும் ஆகஸ்ட் மாதத்திலும் நடைபெறும் திருவிழாக்களின்போது, தமிழும் சிங்களமும் பேசும் யாத்திரிகர்கள் பெருந்திரளாக வந்து, நோய் தீர்ந்தமைக்கும் பிள்ளைப்பேறு வாய்த்தமைக்கும் கடலில் உயிர்தப்பி மீண்டமைக்கும் நேர்த்திக்கடனாக மெழுகுதிரி ஏற்றிச் செல்கின்றனர். இக்கரையின் சரித்திரம் என்றவுடன் கோட்டையும் முத்துக்குளிப்பும் அரசர்களின் போர்களுமே நினைவுக்கு வருகின்றன. ஆயினும் அந்த யாத்திரிகரின் கையிலுள்ள திரிக்கும் அவற்றுக்குக் குறையாத சரித்திரம் ஒன்று உண்டென்பது என் துணிபு.

போர்த்துக்கேயர் வருவதற்கு முன் இப்பிரதேசத்து மக்கள் ஒளிக்கு நம்பியிருந்தது எண்ணெயையே. முன்னேஸ்வரத்துச் சந்நிதியிலும் குடியானவர் இல்லங்களிலும் எரிந்தவை இலுப்பையெண்ணெயும் தேங்காயெண்ணெயும் புன்னையெண்ணெயும் வார்த்த விளக்குகள். மெழுகை அக்காலத்தவர் அறியாதவர் அல்லர். விக்கிரகம் வார்க்கும் ஸ்தபதிகள் முதலில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகியோடிய வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கும் மதூச்சிஷ்ட விதானம் பழைமை வாய்ந்தது. எனினும் மெழுகின் நடுவே நூலைச் செலுத்தி, அதனை நிமிர்ந்து நின்று எரியும் தீபமாக்கும் வழக்கம் இக்கரையில் வேரூன்றியது, பதினாறாம் நூற்றாண்டில் கத்தோலிக்க ஆராதனை பரவியதன் பின்னரே. பூசைப்பீடத்தில் ஏற்றும் திரி தேனீயின் மெழுகாலானதாய் இருத்தல் வேண்டும் என்பது அத்திருச்சபையின் நெடுங்கால விதியாய் இருந்தது. ஆதலால் கடலோரத்துக் கோயில்களுக்கு வேண்டிய மெழுகு, அவற்றுக்குக் கிழக்கே விரிந்து கிடந்த வன்னிக் காடுகளின் மலைத்தேனீயும் பொந்துத் தேனீயும் கட்டிய அடைகளிலிருந்து கிடைக்கக்கூடிய பொருளாயிற்று.

அடையிலிருந்து திரி உண்டாகும் வகையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தேனைப் பிழிந்தெடுத்தபின் எஞ்சும் அடையை நீரிலிட்டுக் காய்ச்சித் துணியில் வடித்து ஆறவிட்டால், மெழுகு மேலே மிதந்து மஞ்சள் வட்டாகக் கட்டும். அழுக்கு அதன் அடியில் படியும். வட்டின் அடியைச் சுரண்டிவிட்டு இரண்டொரு முறை இவ்வாறே செய்ய, மெழுகு தெளியும். வெண்மை வேண்டுமானால், உருக்கிய மெழுகை மெல்லிய நாடாக்களாக்கி வெயிலில் பரப்பி, அவ்வப்போது நீர் தெளித்து, நாட்கணக்கில் காயவிடுதல் வேண்டும். பண்டிகைக்கு வெண்மெழுகும், இறந்தோருக்கான பூசைக்கு வெளுக்காத மஞ்சள் மெழுகும் என்னும் பழைய மரபு, துக்கத்தின் நிறத்தை மெழுகிலும் காட்டியது. நேரே அடுப்பில் வைத்தால் மெழுகு கருகுவதோடு தீப்பற்றவும் கூடுமாதலின், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வேறொரு பாத்திரத்தை வைத்தே அதனை உருக்குவர். தேன்மெழுகு அச்சில் ஒட்டிக்கொள்ளும் சுபாவமுடையது. ஆகையால் முற்காலத்தார் அதனை அச்சில் வார்க்காமல், வளையத்தில் தொங்கவிட்ட நூல்திரிகளின்மேல் அகப்பையால் திரும்பத் திரும்ப ஊற்றிப் பருக்கச் செய்து, இளஞ்சூட்டிலேயே பலகைமேல் உருட்டிச் சீராக்கினர். நூல்திரியின் பருமனை அறிவதே இத்தொழிலின் உயிர்: தேன்மெழுகு உருகியும் குழைவாக இருப்பதால் அதனை இழுத்தேற்றப் பருத்த திரி வேண்டும், திரி மெலிந்தால் சுடர் தன் மெழுகிலேயே மூழ்கி அணையும், மிகப் பருத்தால் புகை கக்கும்.

தேனீயை நாடாத மற்றொரு மெழுகும் இத்தீவில் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் கீழைநாடுகளில் பிரயாணம் செய்த பிரெஞ்சு வியாபாரி தவர்னியே, போர்த்துக்கேயர் இலங்கையில் கறுவாமரத்தின் கனிகளைத் திரட்டி, இளங்கொம்பின் நுனிகளோடு நீரில் வற்றக் காய்ச்சி, ஆறியபின் மேலே உறைந்த வெண்மெழுகு போன்ற பொருளால் திரிகள் செய்தனர் என்றும், திருவிழாக்காலத்தில் அவற்றை ஏற்றியவுடன் கோயில் முழுவதும் கறுவாமணம் கமழ்ந்தது என்றும், அவை லிஸ்பனிலிருந்த அரசரின் ஆலயத்துக்கும் அனுப்பப்பட்டன என்றும் எழுதிவைத்திருக்கிறார். கறுவா விளைந்த நாடு சிலாபத்துக்குத் தெற்கேயே தொடங்குகிறது. பட்டைக்காகவே மூன்று ஐரோப்பிய வல்லரசுகள் போரிட்ட மரத்தின் கனியிலிருந்து, எவருக்கும் தீங்கு செய்யாத இவ்வாசனைத் தீபம் பிறந்ததை எண்ணும்தோறும் எனக்கு வியப்பு மிகுகின்றது.

1658 இல் போர்த்துக்கேயரை வென்ற ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்பதை மரணதண்டனைக்குரிய குற்றமாக்கி, 1667 இல் கற்பிட்டியில் கோட்டை கட்டத் தொடங்கியபோது, கோயில்களின் தீபங்கள் அணைந்தன; வழிபாடு இல்லங்களுக்குள் ஒதுங்கியது. கோவாவிலிருந்து வந்த குருவாகிய புனித யோசேவ் வாஸ் 1690 ஐ அடுத்துப் புத்தளத்தில் தங்கித் தொண்டு செய்து, 1692 இல் கண்டிக்குச் சென்றார். தலவிலின் தோற்றம் பற்றிய ஐதீகங்களுள் ஒன்று, வறுமையுற்றுக் கால்நடையாகக் கொழும்பு நோக்கிச் சென்ற ஐரோப்பியர் ஒருவர் இங்கு மரத்தடியில் உறங்கியபோது, இருபுறமும் திரிகள் எரிய அன்னம்மாளின் திருவுருவத்தைக் கண்டார் என்று கூறுகின்றது. பகிரங்கமாகத் திரியேற்ற இயலாதிருந்த மக்கள் இவ்வைதீகத்தைப் போற்றிக் காத்தமை இயல்பே. ஆங்கிலேயர் ஆட்சியில் 1806 இல் கத்தோலிக்கர்மீதிருந்த தடைகள் நீங்கின. தலவிலின் இன்றைய ஆலயம் 1843 இல் நிறைவெய்தியது.

இனித் தென்னையின் கதை. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசிலேயே இளகிவிடும். தேன்மெழுகு உருகுவதற்கோ 60 பாகைக்கு மேல் வேண்டும். புத்தளத்து வெயிலில் தேங்காயெண்ணெய் உறைந்து நிற்பதெங்கே? ஆகவே கண்ணுக்கெட்டிய தூரம் தென்னை நின்ற நாட்டில் அது விளக்குக்கு எண்ணெயாயிற்றேயன்றித் திரியாகவில்லை, திரியானது குளிர்நாட்டில். 1829 இல் ஜேம்ஸ் சோம்ஸ் என்பார் தேங்காயெண்ணெயை அழுத்தி, அதன் கெட்டிப் பகுதியைப் பிரிக்கும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அவ்வுரிமையை வாங்கி 1830 இல் எட்வர்ட் பிரைஸ் என்ற பெயரில் தொழில் தொடங்கிய வில்லியம் வில்சனும் பெஞ்சமின் லங்காஸ்டரும், இலங்கையில் ஆயிரம் ஏக்கர் தென்னந்தோட்டத்தைக் கைக்கொண்டு, தேம்ஸ் நதிக்கரையில் திரி செய்தனர். 1840 இல் விக்டோரியா மகாராணியின் திருமணத்தை ஒட்டி அவர்கள் விற்ற திரி, தேங்காயெண்ணெயின் கெட்டிப் பகுதியோடு ஸ்டியரிக் அமிலம் சேர்த்துச் செய்தது. அதன் நடுவே பின்னல் நூல்திரி இருந்தமையால் கரி கத்தரிக்க வேண்டியதில்லை. 1825 இல் பிரான்சில் கம்பசெரே கண்ட அப்பின்னல் நூல்திரி, எரியும்போது வளைந்து சுடரின் ஓரத்துக்குச் சென்று தானே சாம்பலாகிவிடும். முறுக்குத் திரியோ நிமிர்ந்தே நின்று கரிசேர்த்துப் புகையும்.

அதன்பின் நிலத்தெண்ணெயிலிருந்து பிரித்த பரபின் மெழுகு மலிவாக வந்து, மற்றவை யாவற்றையும் ஒதுக்கிவிட்டது. பூசைத் திரிகளில் பெரும்பகுதி தேன்மெழுகாய் இருத்தல் வேண்டும் என 1904 இல் உரோமாபுரி மீண்டும் கட்டளையிட்டதே, கலப்பு எவ்வளவு பரவியது என்பதைக் காட்டும்.

இன்று வீட்டில் திரி வார்ப்போர் பரபினையே உருக்கி, அச்சிலிருந்து எளிதில் கழலும்பொருட்டுச் சிறிது ஸ்டியரிக் அமிலம் கலந்து, நடுவில் மெல்லிய பின்னல் திரியை இழுத்துக் கட்டி ஊற்றுகின்றனர். ஊற்றிய மெழுகு ஆறும்போது நடுவில் குழிவதால், சிறிது மிச்சம் வைத்து மறுபடி நிரப்புவர். தென்னையும் புதுக்கோலத்தில் திரும்பியிருக்கிறது: ஐதரசன் ஏற்றிக் கெட்டியாக்கிய தேங்காயெண்ணெயைக் கண்ணாடிக் குவளையிலோ சிரட்டையிலோ வார்க்கும்போது, அது தன் காலில் நிற்கவேண்டிய அவசியமே இல்லை. கறுவாக்கனி மெழுகுக்கு மட்டும் அத்தகைய மறுபிறப்பு வாய்க்கக் காணேன். கனி காய்க்கும் மரம் இருக்கிறது; பானையும் நீரும் நெருப்புமே கருவிகள்; தவர்னியே எழுதிய குறிப்பும் இருக்கிறது. சிலாபத்துக்குத் தெற்கே கறுவாத் தோட்டம் வைத்திருப்போர் ஒருவரேனும், பறவைகள் தின்று எஞ்சிய கனிகளைக் காய்ச்சி ஒரு திரி வார்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.